பேக்கரியில் புரியாத ஜெர்மன்

கேள்வி, 5 அக்டோபர் 2024

ஒன்றரை ஆண்டாகச் செயலியில் ஜெர்மன் படித்தேன். பி1 என்ற இடைநிலை மொழித் தேர்வும் தேறிவிட்டேன். ஸ்டுட்கார்ட் வந்து ஆறு வாரம் ஆகிறது. பேக்கரியில் ரொட்டி கேட்டால் அந்த அம்மா திருப்பி ஏதோ கேட்கிறார், ஒரு சொல்லும் பிடிபடவில்லை. பின்னால் வரிசை நிற்கிறது. நான் படித்தது ஜெர்மன்தானா? அன்றாடச் சொற்களை எங்கே போய்க் கற்பது?

5 அக்டோபர், இரவு

படித்தது ஜெர்மன்தான். அந்த அம்மா கேட்டது அநேகமாக "ஸோன்ஸ்ட் நோஹ் வாஸ்?" என்பதாக இருக்கும். மளிகைக் கடையில் பருப்பைப் பொட்டலம் கட்டிக்கொண்டே "அப்புறம்?" என்பார்களே, அதுதான். வேறு எதுவும் வேண்டாம் என்றால் "டாஸ் வார்ஸ்" போதும். அவ்வளவுதான் என்று பொருள்.

நான் 2014-இல் எஸ்லிங்கனுக்கு வந்தேன். உங்கள் ஊரை ஒட்டி, நெக்கார் ஆற்றங்கரையில் இருக்கிறது. முதல் மாதம் பேக்கரியில் இரண்டு மூன்று பேருக்கு வழிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வேன். அவர்கள் என்ன கேட்கிறார்கள், கடைக்கார அம்மா என்ன கேட்கிறார், எந்த இடத்தில் பணம் எடுக்கிறார்கள் என்று காது கொடுப்பேன். ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு முழுவதும் வாய்க்கு வந்துவிட்டது. மொத்தமே ஏழெட்டு வாக்கியம்தான். காலை 7 மணிக்குப் போங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள், ஒரே பேச்சைப் பத்து முறை கேட்கலாம்.

இன்னொன்று. செயலி உங்களுக்கு "ப்ரோட்ஷென்" என்று சொல்லிக் கொடுத்திருக்கும். இங்கே அந்தச் சின்ன ரொட்டி "வெக்லே". பவேரியாவில் "ஸெம்மல்", பெர்லினில் "ஷ்ரிப்பே", ஹாம்பர்க்கில் "ருண்ட்ஷ்ட்யூக்". ப்ரோட்ஷென் என்று கேட்டாலும் தருவார்கள். வெக்லே என்று கேட்டுப் பாருங்கள், அந்த அம்மா நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார்.

6 அக்டோபர்

நேரம் சொல்வதைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். பேக்கரியில் புரியாவிட்டால் ஒரு ரொட்டி தப்பும். மணி புரியாவிட்டால் டெர்மீன் தப்பும். டெர்மீன் என்றால் முன்கூட்டிக் குறித்த நேரம். இந்த நாட்டில் மருத்துவர், முடிதிருத்துபவர், நகராட்சி அலுவலகம், எல்லாமே டெர்மீன்.

என் மகளின் முதல் தடுப்பூசிக்கு "ஹால்ப் ஃபியர்" என்று தொலைபேசியில் சொன்னார்கள். ஹால்ப் என்றால் அரை, ஃபியர் என்றால் நாலு. நாலரை என்று எழுதிக்கொண்டு, நாலேகாலுக்கே போய் உட்கார்ந்தேன். டெர்மீன் மூன்றரைக்கு. அடுத்தது ஐந்து வாரம் கழித்துதான் கிடைத்தது. கைக்குழந்தையோடு பேருந்துக்கு நின்றபோது அழுகை வந்தது உண்மை.

ஹால்ப் ஃபியர் என்றால் நாலில் பாதி தூரம். மூன்று முடிந்து நாலாவது மணி ஓடுகிறது, அதில் பாதி ஆகிவிட்டது. "பிள்ளைக்கு மூணு முடிஞ்சு நாலு நடக்குது" என்று நாம் வயது சொல்வோமே, அப்படி. இப்படி நினைத்த நாளிலிருந்து எனக்கு மணி தவறியதே இல்லை. இந்தப் பக்கத்துக் கிழவர்கள் "ஃபியர்டல் ஃபியர்" என்பார்கள். அது மூன்றேகால், நாலு நடப்பதில் கால் பங்கு. "ட்ரைஃபியர்டல் ஃபியர்" மூன்றேமுக்கால்.

6 அக்டோபர், மாலை

கொலோனிலிருந்து ஒருவர் அங்கே யாரும் ஃபியர்டல் ஃபியர் என்று சொல்வதில்லை என எழுதியிருக்கிறார். சரிதான். மேற்கிலும் வடக்கிலும் "ஃபியர்டல் நாஹ் ட்ரை", மூன்று தாண்டிக் கால். நான் எழுதியது தெற்கிலும் கிழக்கிலும் உள்ள வழக்கு. ஹால்ப் மட்டும் நாடு முழுக்க ஒன்றுதான்.

9 அக்டோபர்

கேள்வி கேட்டவர் காலி பாட்டில்களை எங்கே போடுவது என்று தனியாகக் கேட்டிருந்தார். குப்பையில் போடாதீர்கள்! அது "ப்ஃபாண்ட்".

ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கும் டின்னுக்கும் 25 சென்ட், பியர் கண்ணாடி பாட்டிலுக்குப் பெரும்பாலும் 8 சென்ட், பலமுறை நிரப்பும் தண்ணீர் பாட்டிலுக்கு பெரும்பாலும் 15 சென்ட். வாங்கும்போது விலையோடு சேர்த்து வாங்கிக்கொள்வார்கள், பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பணம் திரும்ப வரும். ஒருமுறைப் பாட்டில்களுக்கு இது 2003-இல் வந்தது. பால் பானங்களின் பிளாஸ்டிக் பாட்டில்கள் 2024 ஜனவரியில்தான் சேர்ந்தன. வைன் பாட்டிலுக்குக் கிடையாது, அது தெருமுனைக் கண்ணாடித் தொட்டிக்குப் போகும்.

கடை வாசலில் இயந்திரம் இருக்கும். ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பொத்தானை அழுத்தினால் சீட்டு வரும், அதைக் கல்லாவில் கொடுத்தால் கழித்துக்கொள்வார்கள். காலி பாட்டில்களுக்கு "லேர்கூட்" என்று பெயர். லேர் என்றால் காலி, கூட் என்றால் சரக்கு.

ப்ஃபாண்ட் என்ற சொல்லின் பழைய பொருள் அடகு. அடகுக்கடைக்கு இன்றைக்கும் "ப்ஃபாண்ட்ஹவுஸ்" என்றுதான் பெயர். அதனால் பாட்டிலை அடகு வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டால் சொல் மறக்காது.

தெருவில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், தரையில், பாட்டில்கள் வரிசையாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அசட்டையாக விட்டுப் போனவை அல்ல. பாட்டில் பொறுக்கி அந்தக் காசில் செலவைச் சமாளிக்கிறவர்கள் இருக்கிறார்கள், பலர் வயதானவர்கள். அவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவக் கூடாது என்று வெளியே வைக்கிறார்கள். நீங்களும் அப்படியே வையுங்கள்.

10 அக்டோபர்

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். அடகு வைக்கப்படுவது பாட்டில் அல்ல, நம் 25 சென்ட். பாட்டில் நமக்கு இரவலாக வருகிறது, அதற்கு ஈடாகக் காசு கடையில் இருக்கிறது. கிறிஸ்துமஸ் சந்தையில் சூடான வைன் தரும் கோப்பைக்கும் இதே கணக்கு. கோப்பைக்குச் சில யூரோ ப்ஃபாண்ட் வாங்கிக்கொள்வார்கள். பிடித்திருந்தால் கோப்பையை வீட்டுக்கே கொண்டுபோகலாம், அடகு மூழ்கிவிடும்.

13 அக்டோபர், ஞாயிறு

இன்று இந்த வீட்டில் வாஷிங் மெஷின் ஓடவில்லை, துளை போடும் சத்தம் இல்லை. "ரூஹே". அமைதி. சொல் சின்னது, அதற்குள் ஒரு நாடே அடங்கியிருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை ரூஹே. ஞாயிறு முழுவதும் ரூஹே. ஞாயிறும் அரசு விடுமுறைகளும் வேலை ஓய்வுக்கும் உள்ளம் உயர்வதற்கும் உரிய நாள்கள் என்று 1919 வைமார் அரசியல் சட்டத்தில் எழுதினார்கள். 1949-இல் இன்றைய அடிப்படைச் சட்டம் அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொண்டது. கடைகள் மூடியிருப்பதற்கும் இதுதான் வேர். கண்ணாடித் தொட்டியில் ஞாயிறன்று பாட்டில் போடாதீர்கள், உடையும் சத்தம் தெரு முழுக்கக் கேட்கும்.

முதலில் எனக்கு இந்த அமைதி பயமாக இருந்தது. தெருவில் யாருமே இல்லை, ஊரில் ஏதோ கெட்டது நடந்துவிட்டதோ என்று தோன்றும். இப்போது ஊருக்குப் போனால் ஞாயிறு காலை அந்த ரூஹேயைத் தேடுகிறேன்.

16 அக்டோபர்

இந்த இழையில் நான் எழுத ஆசைப்பட்ட சொல்லுக்கு வந்துவிட்டேன். "கேர்வோஹே". கேர் என்பது பெருக்குவது, வோஹே வாரம். பெருக்கும் வாரம். ஸ்டுட்கார்ட் பக்கம் வந்திருப்பதால் உங்கள் வாடகை ஒப்பந்தத்திலும் அநேகமாக இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

எங்கள் கட்டடத்தில் ஆறு வீடு. கயிற்றில் கோத்த ஒரு மரப்பலகை, கேர்வோஹே என்று எழுதியது, வாரா வாரம் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்குப் போகும். உங்கள் கதவில் தொங்கினால் அந்த வாரம் உங்கள் முறை. சின்ன கேர்வோஹே என்றால் உங்கள் மாடியின் படிக்கட்டு. பெரியது என்றால் நடைபாதை, முற்றம், நிலவறை, குளிர்காலத்தில் பனி தள்ளுவதும் சேர்த்து. இந்த வழக்கத்தின் வேரை 1492 வரை கொண்டுபோகிறார்கள். எபர்ஹார்ட் கோமகன் காலத்து ஸ்டுட்கார்ட் நகரச் சட்டம், அவரவர் சாணக் குப்பையை வாரந்தோறும் ஊருக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது.

பலகை முதல் முறை எங்கள் கதவில் தொங்கியபோது அது என்னவென்றே தெரியவில்லை. யாரோ மறந்துவிட்டார்கள் என்று எடுத்துப் படிக்கட்டின் கீழே வைத்துவிட்டேன். மறுநாள் மறுபடி எங்கள் கதவில் தொங்கியது. மறுபடி கீழே வைத்தேன். மூன்றாம் நாள் கீழ்வீட்டு அம்மா, அப்போதே எழுபது வயது, கையில் வாளியும் துடைப்பமுமாக மேலே வந்தார். பேசவில்லை. பலகையைக் காட்டினார், என்னைக் காட்டினார், மேல் படியிலிருந்து ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இறங்கினார். நாலாவது படியில் துடைப்பத்தை என் கையில் கொடுத்தார். படி "ஷ்டூஃபே", வாளி "ஐமர்", துடைப்பம் "பேஸன்", துடைக்கும் துணி "லும்பன்". அவர் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார், நான் திருப்பிச் சொன்னேன். பத்து ஆண்டு ஆகியும் அந்த நான்கு சொற்களைச் சொல்லும்போது ஈரப் படிக்கட்டின் வாசனை வருகிறது.

எங்கள் வீட்டில் வாசல் தெளிப்பது பாட்டியோடு சேர்ந்து வந்த பழக்கம். வீட்டு வாசலைத் தினம் பெருக்குகிறவர்களுக்கு கேர்வோஹே புதிதல்ல. பொதுப் படிக்கட்டைப் பெருக்குவதுதான் புதிது.

17 அக்டோபர்

"லும்பன்" புத்தக ஜெர்மனில் கந்தல் அல்லவா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆமாம், தேர்வில் "லப்பன்" என்று எழுதுங்கள். அந்த அம்மா பேசியது ஷ்வேபிஷ், இந்த வட்டாரத்துப் பேச்சு. வெண்ணெயும் அப்படித்தான். புத்தகத்தில் "டீ புட்டர்", பெண்பால். இங்கே எல்லாரும் "டேர் புட்டர்", ஆண்பால். இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எதையும் தப்பு என்று ஒதுக்காதீர்கள்.

21 அக்டோபர்

ஷ்வேபிஷ் பேச்சு எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2018-இல் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாவது நாள் ஒரு பாட்டி "ஃபூஸ்" வலிக்கிறது என்றார். ஃபூஸ் என்றால் பாதம் என்று படித்திருந்தேன். அவரோ முழங்காலுக்கு மேலே தொடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என்னோடு பயிற்சியில் இருந்தவர் வடக்கே ப்ரேமனிலிருந்து வந்தவர், தாய்மொழியே ஜெர்மன். குனிந்து பாட்டியின் காலுறையைக் கழற்றிப் பாதத்தில் காயம் தேடினார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஷ்வேபிஷில் இடுப்புக்குக் கீழே எல்லாமே ஃபூஸ். நாம் "கால் வலிக்குது" என்றால் பாதமா தொடையா என்று யார் பிரிக்கிறார்கள்? புத்தக ஜெர்மன்தான் பாதத்துக்கு ஃபூஸ், காலுக்கு "பைன்" என்று பிரிக்கிறது. அந்தப் பாட்டியின் மொழி அந்த இடத்தில் தமிழுக்குப் பக்கத்தில் இருந்தது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அதற்குப் பிறகு அங்கே யார் பேசினாலும் பயமில்லாமல் காது கொடுத்தேன்.

அங்கே இன்னொரு பொறி "டெப்பிஹ்". தரைவிரிப்பு என்று படித்திருப்பீர்கள். பாட்டிமார் குளிர்கிறது என்று டெப்பிஹ் கேட்டால் போர்வை எடுத்துக் கொடுங்கள்.

22 அக்டோபர்

வேலை நேரச் சொற்கள் கேட்டவருக்கு. பன்னிரண்டு மணி வாக்கில் நடையில் எதிர்ப்படுகிறவர் "மால்ட்சைட்" என்பார். சாப்பாட்டு வேளை என்று பொருள், ஆனால் அது வணக்கம். திருப்பி மால்ட்சைட் என்றால் போதும்.

வேலை முடிந்தால் "ஃபயராபெண்ட்". ஆபெண்ட் என்றால் மாலை. காலை ஷிப்டு பிற்பகல் 2 மணிக்கு முடிந்தாலும் "ஷோனன் ஃபயராபெண்ட்" என்று வாழ்த்தித்தான் அனுப்புவார்கள். வேலை விட்டாயிற்று, இனி இந்த நாள் உன்னுடையது. அதைச் சொன்ன பிறகு யாரும் வேலைப் பேச்சு எடுக்கமாட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஜெர்மன் சொல் இதுதான். கேர்வோஹே என்று போன வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, இதுதான்.

27 அக்டோபர்

"டோஹ்" புரியவே இல்லை என்கிறீர்கள். அகராதியில் தேடாதீர்கள், நம் ஏகாரத்தில் தேடுங்கள். "நீ வரலையா?" "வந்தேனே!" அந்த ஏதான் டோஹ். எதிர்மறையாகக் கேட்ட கேள்வியை மறுத்து உறுதி சொல்வது. இலக்கண வகுப்பில் தேற்றேகாரம் என்று படித்தோம் அல்லவா? "பசிக்கவில்லையா?" என்றால் "டோஹ்!" பசிக்குதே! இந்த இடத்தில் "யா" என்று சொன்னால் கேட்டவர் குழம்புவார்.

28 அக்டோபர்

குளிர் வந்துவிட்டது, "லுஃப்டன்" பற்றி, அதாவது ஜன்னல் திறந்து வீட்டுக்குள் காற்று விடுவதைப் பற்றி, உடனே எழுதுகிறேன். முதல் குளிர்காலத்தில் ஜன்னல்களை இறுக்கி மூடி, உள்ளேயே துணி காயப்போட்டு, மூன்று வேளையும் குக்கர் வைத்தோம். ஜனவரியில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சை. அது "ஷிம்மல்". இந்த ஊர் வீடுகளில் காற்றுப் புக இடுக்கே கிடையாது, ஈரம் சுவரில்தான் போய் நிற்கும். தினம் இரண்டு மூன்று முறை, எத்தனை குளிரானாலும், ஜன்னல்களை விரியத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விட்டு மூடுங்கள்.

உச்சரிப்புக்கு: வாயால் "ஈ" சொல்லிக்கொண்டே உதட்டை மட்டும் "ஊ"வுக்குக் குவியுங்கள். அந்த ஒலிக்கு நமக்கு எழுத்து இல்லை. லுஃப்டனில் வருவது அதன் குறில்.

வெள்ளைக் குதிரைக்கும் ஷிம்மல் என்றுதான் பெயர். என் மகள் நான்கு வயதில் அந்த மூலைக்குப் போய்க் குதிரையைத் தேடினாள்.

3 நவம்பர்

நம் சொற்கள் ஏதாவது ஜெர்மனில் உண்டா என்று ஒருவர். "கட்டமரான்" உண்டு, நம் கட்டுமரம். "கரி" உண்டு, அதுவும் தெருக் கடையில்: கரிவுர்ஸ்ட். 1949 செப்டம்பரில் பெர்லினில் ஹெர்டா ஹாய்வர் என்ற அம்மா வறுத்த ஸாஸேஜ் மேல் தக்காளிச் சாஸும் கரி என்ற மசாலாத் தூளும் சேர்த்துக் கொடுத்தார். அந்தத் தூளின் பெயருக்கு மூலம் நம் கறி என்றுதான் பெரும்பாலும் சொல்கிறார்கள். அதன் சுவையில் நம் சமையலைத் தேட வேண்டாம்.

மறுபக்கமும் உண்டு. ஸாக்ஸனியின் புல்ஸ்நிட்ஸ் ஊர்க்காரரான கிறிஸ்தவ மதபோதகர் பார்த்தொலொமேயுஸ் ஸீகன்பால்க் 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் கற்றார். பத்து ஆண்டில், 1716-இல், அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஹாலே நகரில் அச்சானது. என் மகளின் முதல் வகுப்பில் பெற்றோர் உட்காரச் சின்ன நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து குழந்தைகள் எழுத்துக் கூட்டுவதைக் கேட்டபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

11 நவம்பர்

இன்று மார்ட்டின் திருநாள். குழந்தைகள் கையால் செய்த காகித விளக்கோடு இருட்டில் பாடிக்கொண்டு போனார்கள். இப்போதுதான் நனைந்து திரும்பினோம். நாளை எழுதுகிறேன்.

12 நவம்பர்

"ஸீ", "டூ" பற்றி. நீங்கள், நீ. நமக்கு எளிது என்று நினைத்தேன், எளிதாக இல்லை. நாம் அம்மாவை "நீ" என்போம், பெரியவர் நம்மை "நீ" என்று கூப்பிட்டாலும் திருப்பி "நீங்கள்" என்போம். இங்கே இரண்டு பேரும் ஒரே நிலையில்தான் பேச வேண்டும். எழுபது வயதுக்காரரும் முப்பது வயது அண்டைவீட்டுப் பெண்ணை ஸீ என்றுதான் அழைப்பார். மாற்றிக்கொள்ளலாம் என்றால் மூத்தவர்தான் முன்வந்து சொல்ல வேண்டும், இளையவர் கேட்கக் கூடாது.

கீழ்வீட்டு அம்மா எனக்கு ஸீயாகவே ஆறு ஆண்டு இருந்தார். என் பார்சல்களை வாங்கி வைத்தார், மகளுக்கு ஸ்வெட்டர் பின்னினார், நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தேன், எல்லாம் ஸீயோடுதான். 2020 இலையுதிர் காலத்தில் அவருக்கு இடுப்பில் அறுவை நடந்தது. அந்தப் பலகை அவர் கதவுக்கு வந்த வாரங்களில் அவர் படிகளையும் நானே துடைத்தேன். ஒருநாள் அவர் கதவைத் திறந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, தன் முதல் பெயரைச் சொல்லிக் கையை நீட்டினார். நானும் என் பெயரைச் சொன்னேன். "டூ" என்றார்.

எண்பது வயதாகிறது அவருக்கு. எனக்கு இன்னும் நாக்கு புரள்கிறது, அவரை "நீ" என்று கூப்பிட மனசு வரவில்லை. அவசரத்தில் ஸீ வந்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் "டூ!" என்று திருத்துகிறார்.

13 நவம்பர்

கேள்வி கேட்டவர் இன்று காலை டாஸ் வார்ஸ் சொல்லி இரண்டு வெக்லே வாங்கினாராம். இன்னொரு கேள்வியும் வந்ததாம், "ஷ்டிம்ட் எஸ் ஸோ?" என்று. அது மீதிச் சில்லறை பற்றி. பாக்கி வேண்டாமென்றால் "ஷ்டிம்ட் ஸோ", நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பொருள். நாளை அவர் கேட்குமுன் நீங்கள் சொல்லிப் பாருங்கள்.